ஹமாரில் எடுத்த ரத்தம்: கிளாடியா பெக்ஷ்டைன் வழக்கின் 16 ஆண்டுகள்

நார்வேயின் ஹமார் நகரில் ஓர் ஐஸ் அரங்கம் இருக்கிறது. கவிழ்த்துப் போட்ட மரக்கலத்தின் வடிவில் கூரை அமைந்ததால் அதற்கு 'வைக்கிங் கப்பல்' என்றே பெயர். 1994 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டிகள் அங்கேதான் நடந்தன. 5,000 மீட்டரில் அப்போது யாராலும் வெல்ல முடியாதவராகக் கருதப்பட்ட குண்டா நீமானை அரை விநாடி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளி, 22 வயது ஜெர்மன் வீராங்கனை கிளாடியா பெக்ஷ்டைன் தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார்.

15 ஆண்டுகள் கழித்து, 2009 பிப்ரவரியில், அதே கூரையின் கீழ், பல தூரங்களின் முடிவுகளைக் கூட்டிப் பட்டம் தரும் உலக ஆல்ரவுண்ட் சாம்பியன்ஷிப். இம்முறை அவர் கையில் ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள். போட்டிக்கு முந்தைய நாளான பிப்ரவரி 6 அன்று வீரர்களிடம் ரத்த மாதிரி எடுத்தார்கள். அவருடைய மாதிரியில் இளம் சிவப்பணுக்களின் அளவு 3.49 சதவீதம். சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் இயல்பென்று வைத்திருந்த மேல் எல்லை 2.4. மறுநாள் காலை மீண்டும் எடுத்தபோது 3.54, மாலையில் 3.38. முதல் நாள் பந்தயங்களில் ஓடிய பெக்ஷ்டைன் இரண்டாம் நாள் களமிறங்கவில்லை. உடல்நலம் சரியில்லை என்று வெளியே சொல்லப்பட்டது.

அந்த மூன்று எண்களால் தொடங்கிய சட்டப் போராட்டம் பெர்ன், லொசான், மியூனிக், கார்ல்ஸ்ரூ, ஸ்ட்ராஸ்பூர் என்று சுற்றி 2025 ஜனவரியில்தான் அடங்கியது. அவர் ஊக்கமருந்து எடுத்தாரா இல்லையா என்பதோடு இந்த வழக்கை நிறுத்திக்கொண்டால் அதில் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம். ஒரு விளையாட்டு வீரர் குற்றவாளியா என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த விசாரணையை மற்றவர்கள் பார்க்கலாமா கூடாதா என்ற மறுபாதிதான் பெக்ஷ்டைனை உலக விளையாட்டுச் சட்டத்தில் நிலைக்க வைத்தது. அந்தப் பாதியில் அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

பனிமீது 17 ஆண்டுகள்

1972 பிப்ரவரி 22 அன்று கிழக்கு பெர்லினில் பிறந்தவர். ஹோஹென்ஷோன்ஹவுசன் பகுதியின் விளையாட்டு வளாகத்தில் வளர்ந்து, யோஆகிம் ஃபிராங்கே என்ற கண்டிப்பான பயிற்சியாளரிடம் தேர்ந்தார். பெர்லின் சுவர் விழுந்தபோது வயது 17. வயதுக்கு வந்த வீராங்கனையாக அவர் ஓடிய ஒலிம்பிக் எல்லாம் ஒன்றுபட்ட ஜெர்மனிக்காகத்தான். ஆனாலும் கிழக்கு ஜெர்மனியில் அரசே திட்டமிட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்தது 1990-க்குப் பின் ஆவணங்களோடு வெளிவந்ததால், அந்த மண்ணிலிருந்து வந்த ஒவ்வொருவர் மீதும் ஒரு சந்தேகப் பார்வை விழுந்தது. 2009-இல் செய்தி வந்ததும் பலர் வியப்பே காட்டாமல் நம்பியதற்கு அந்தப் பார்வையும் ஒரு காரணம்.

ஸ்பீட் ஸ்கேட்டிங் நமக்கு அதிகம் பழக்கமில்லாத விளையாட்டு. 400 மீட்டர் நீள்வட்ட ஐஸ் தளத்தில் இருவர் இருவராக, தனித்தனிப் பாதையில் ஓடுவார்கள். சுற்றுக்கு ஒருமுறை உள்பாதையும் வெளிப்பாதையும் மாறும். பக்கத்தில் ஓடுபவரை முந்தினால் மட்டும் போதாது. அன்று ஓடிய எல்லாருடைய நேரத்தையும் வைத்துத்தான் வெற்றி. பெண்களுக்கான 5,000 மீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. முதுகை மடக்கி, தொடைகள் எரிய, கிட்டத்தட்ட ஏழு நிமிடம். முதல் ஐந்து சுற்றுகளில் ஆசைப்பட்டு வேகம் கூட்டியவர்கள் கடைசி மூன்றில் அதற்கான விலையைக் கொடுப்பார்கள். பெக்ஷ்டைனின் பலமே அந்தக் கடைசி மூன்று சுற்றுகள்தான்.

1992 ஆல்பர்வில்லில் 20 வயது நிறையும் முன்பே 5,000 மீட்டர் வெண்கலம். 1994 ஹமாரில் தங்கம். 1998 நாகானோ என்றால் இந்த விளையாட்டை அறிந்தவர்களுக்கு ஒரே ஒரு பந்தயம்தான் நினைவுக்கு வரும். குதிகால் பகுதி பிளேடிலிருந்து விலகித் திறக்கும் கிளாப் ஸ்கேட் அப்போதுதான் பரவியிருந்தது. பழைய சாதனைகளெல்லாம் வரிசையாகச் சரிந்துகொண்டிருந்தன. 5,000 மீட்டரில் முதலில் ஓடிய நீமான் 6 நிமிடம் 59.65 விநாடியில் முடித்தார். ஏழு நிமிடத்துக்குள் இந்தத் தூரத்தை முடித்த முதல் பெண் என்ற பெருமை அவருக்குச் சில நிமிடங்கள்தான் தனியாக இருந்தது. பின்னால் வந்த பெக்ஷ்டைன் எடுத்தது 6 நிமிடம் 59.61 விநாடி. ஐந்து கிலோமீட்டர் ஓடியபின் 0.04 விநாடி வித்தியாசம்.

2002 சால்ட் லேக் சிட்டியில் 3,000, 5,000 இரண்டிலும் தங்கம், இரண்டிலும் உலக சாதனை: 3 நிமிடம் 57.70, 6 நிமிடம் 46.91. 2006 டூரினில் அணிப் போட்டியில் தங்கம், 5,000-இல் கனடாவின் கிளாரா ஹியூஸுக்கு அடுத்து வெள்ளி. ஐந்து ஒலிம்பிக், ஒன்பது பதக்கம், ஒரே தூரத்தில் தொடர்ந்து மூன்று தங்கம். 2009 ஜனவரியில், ஹமாருக்கு ஒரு மாதம் முன்பு, ஹீரன்வீனில் ஐரோப்பிய ஆல்ரவுண்ட் பட்டத்தையும் மூன்றாம் முறையாக வென்றிருந்தார். 36 வயதில் அவருக்கு 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ரெட்டிகுலோசைட் என்ன சொல்கிறது

எலும்பு மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணு முழு வளர்ச்சி அடையும் முன் ரத்தத்துக்குள் வந்துவிடும். ஓரிரு நாளில் முதிர்ந்த அணுவாகிவிடும். அந்த இடைப்பட்ட நிலையில் இருப்பதுதான் ரெட்டிகுலோசைட். ரத்தத்தில் இவற்றின் பங்கைக் கணக்கிட்டால் மஜ்ஜை இப்போது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பது தெரியும். எரித்ரோபொய்ட்டின் என்ற இபிஓ ஊசி போட்டால் மஜ்ஜை விரட்டப்பட்டு இந்த எண் ஏறும். ஊசியை நிறுத்தினால் இயல்புக்கும் கீழே இறங்கும். நீண்ட தூர விளையாட்டுகளில் ஊக்கமருந்தைத் தேடுபவர்கள் இந்த எண்ணைக் கவனிப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் மஜ்ஜை வேகமாக வேலை செய்ய வேறு காரணங்களும் உண்டு. ரத்த இழப்பு, உயரமான இடத்தில் பயிற்சி, சில பரம்பரை நோய்கள். அவற்றில் ஒன்று பரம்பரைக் கோளச் சிவப்பணு நோய், ஆங்கில மருத்துவப் பெயரில் ஸ்பீரோசைட்டோசிஸ். இதில் சிவப்பணுவின் சவ்வில் பிறவியிலேயே குறை இருக்கும். தட்டையாக வளைந்து கொடுக்க வேண்டிய அணு உருண்டையாகி, மண்ணீரலின் குறுகிய வழிகளில் சிக்கிச் சீக்கிரமே உடையும். உடைந்ததை ஈடுகட்ட மஜ்ஜை ஓயாமல் புதிய அணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். லேசான அளவில் இருந்தால் இந்த நோயுள்ளவர் ஆயுள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடலாம். வெளியே தெரிவது ரெட்டிகுலோசைட் எண் மட்டுமே.

2000 முதல் 2009 வரை பெக்ஷ்டைனிடம் 90-க்கும் மேற்பட்ட முறை ரத்தம் எடுக்கப்பட்டிருந்தது. எண்கள் வெகுவாக ஏறி இறங்கின. தடைசெய்யப்பட்ட மருந்து எதுவும் அவருடைய எந்த மாதிரியிலும் ஒருபோதும் கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படியிருந்தும் வழக்குத் தொடர முடிந்தது எப்படி? 2009 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஊக்கமருந்து தடுப்பு விதிகள், மருந்தே கிடைக்காவிட்டாலும் நம்பகமான பிற சான்றுகளை வைத்து, குறிப்பாக நீண்டகால ரத்தக் குறிப்புகளை வைத்து, குற்றத்தை நிறுவலாம் என்று வெளிப்படையாகச் சொல்லின. ஹமார் நடந்தது ஐந்து வாரம் கழித்து. அப்போது சம்மேளனத்தின் மருத்துவ ஆலோசகராக இருந்தவர் டச்சு மருத்துவர் ஹார்ம் குய்பர்ஸ். அவரே 1975-இல் உலக ஆல்ரவுண்ட் சாம்பியனாக இருந்தவர்.

சம்மேளனத்தின் வாதத்தில் கனமான பகுதி ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டு இந்த வழக்கைப் பேசினால் நேர்மையாக இருக்காது. பிப்ரவரி 18 அன்று, ஹமாருக்கு 11 நாள் கழித்து, முன்னறிவிப்பின்றி எடுத்த மாதிரியில் எண் 1.37-க்கு இறங்கியிருந்தது. பிறவிக் கோளாறு என்றால் எண் எப்போதும் உயர்ந்தல்லவா இருக்க வேண்டும், இத்தனை சீக்கிரம் பாதிக்கும் கீழே எப்படி விழுந்தது என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் பொறுப்பு முழுவதும் குற்றம்சாட்டப்பட்டவர் தலையில் போய் விழுந்தது. எண் ஏன் ஏறியது என்று நிரூபிக்கும் வேலை குற்றம்சாட்டியவருடையதா, குற்றம்சாட்டப்பட்டவருடையதா? அந்த இடத்தில்தான் எனக்கு இந்த வழக்கு கோணலாகத் தெரிகிறது.

அதே 2009 டிசம்பரில் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை தன் ரத்தப் பாஸ்போர்ட் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அந்த முறையில் ஒரு வீரரின் எல்லையை எல்லாருக்கும் பொதுவான எண்ணாக வைக்காமல், அவருடைய சொந்தப் பழைய அளவுகளிலிருந்து கணக்கிடுவார்கள். ஹீமோகுளோபின் போன்ற பிற அளவுகளையும் சேர்த்தே பார்ப்பார்கள். பெயர் தெரியாமல் கோப்பைப் படிக்கும் மூன்று நிபுணர்கள் ஒருமித்துச் சொன்னால்தான் நடவடிக்கை. பெக்ஷ்டைனுக்குத் தண்டனை கொடுத்த முறையில் இத்தனை காப்புகள் இருக்கவில்லை.

மூடிய கதவு

2009 ஜூலை 1 அன்று சம்மேளனத்தின் ஒழுங்குக் குழு இரண்டாண்டு தடை விதித்தது. மருந்து எதுவும் பிடிபடாமல், ரத்த எண்களை மட்டும் வைத்து இந்த அளவு பெரிய வீரர் ஒருவர் தடை செய்யப்பட்டது அதுவே முதல்முறை. பெக்ஷ்டைன் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் தன் எடை விவகாரத்தில் முறையிட்டுத் தோற்றதும் இதே தீர்ப்பாயத்தின் முன்தான்.

அக்டோபரில் இரண்டு நாள் விசாரணை. பொதுமக்கள் முன்னிலையில் விசாரியுங்கள் என்று பெக்ஷ்டைன் கேட்டார். தீர்ப்பாயம் மறுத்தது. பொதுவாகக் கதவைச் சாத்தச் சொல்வது குற்றம்சாட்டப்பட்டவராகத்தான் இருக்கும். இங்கே தன் ரத்த அறிக்கை, குடும்பத்தின் மருத்துவ வரலாறு எல்லாவற்றையும் ஊரறிய விரித்துப் போடத் தயார் என்று அவரே சொன்ன பிறகும் கதவு சாத்தப்பட்டது. நவம்பர் 25 அன்று தீர்ப்பு: தடை சரியே. நோய்க்கான சாத்தியத்தை நடுவர்கள் ஏற்கவில்லை.

அதன்பின் ஒரு விசித்திரமான டிசம்பர். சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக அவரைச் சால்ட் லேக் சிட்டியில் ஒரே ஒரு 3,000 மீட்டர் பந்தயத்தில் ஓட அனுமதித்தது. முதல் எட்டு இடத்துக்குள் வந்தால் வான்கூவருக்குத் தகுதி. மாதக்கணக்கில் அணியோடு பயிற்சி செய்ய முடியாமல், வழக்கறிஞர் அலுவலகங்களில் அலைந்த ஒருவர், ஏறத்தாழ எட்டு ஆண்டு முன் தான் உலக சாதனை படைத்த அதே தளத்தில் இறங்கி 13-ஆவதாக வந்தார். பிப்ரவரியில் சுவிஸ் நீதிமன்றம் மேல்முறையீட்டையும் தள்ளியது. ஒலிம்பிக் தொடங்கிய வாரத்தில் அவர் பெயர் பட்டியலில் இல்லை.

வான்கூவர் முடிந்து இரண்டே வாரத்தில், மார்ச் நடுவில், ஜெர்மன் ரத்தவியல் மருத்துவர் சங்கத்தின் தலைவர் பேராசிரியர் கெர்ஹார்ட் ஏனிங்கர் பெர்லினில் செய்தியாளர்களைச் சந்தித்தார். புதிய பரிசோதனை முறைகளில் பார்த்தபோது பெக்ஷ்டைனுக்கு லேசான பரம்பரைக் கோளச் சிவப்பணுக் கோளாறு இருப்பது தெரிகிறது, அது தந்தை வழியில் வந்தது என்றார். அதை வைத்து மறுபரிசீலனை கேட்டபோது சுவிஸ் நீதிமன்றம் அதையும் அந்த ஆண்டே நிராகரித்தது. அதன் சட்டக் காரணம் வறண்டது: சான்று புதியதாக இருந்தால் போதாது, முன்பே தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது என்று காட்ட வேண்டும். மருத்துவம் தன் முடிவை மாற்றிக்கொண்டபோது தீர்ப்பு ஏற்கெனவே உறைந்துவிட்டிருந்தது.

பிறகு ஜெர்மன் ஒலிம்பிக் விளையாட்டுக் கூட்டமைப்பு தானே ஒரு நிபுணர் குழுவை அமைத்துக் கோப்புகளை மறுபடி படிக்க வைத்தது. அந்த ரத்த எண்களை வைத்து ஊக்கமருந்து எடுத்ததாக நிறுவ முடியாது என்று 2015 ஜனவரியில் சொன்னது குழு. கூட்டமைப்பின் தலைவர் அல்ஃபோன்ஸ் ஹோர்மான், பெக்ஷ்டைனைக் குற்றவாளியாக அல்ல, பாதிக்கப்பட்டவராகவே தான் பார்ப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். சம்மேளனம் மட்டும் தன் முடிவில் நின்றது.

ஒரு கையெழுத்து

இனி வழக்கின் மற்றொரு பாதி. 2009 ஜனவரி 2 அன்று, ஹமார் போட்டியில் கலந்துகொள்வதற்காகச் சம்மேளனம் தந்த படிவத்தில் பெக்ஷ்டைன் கையெழுத்திட்டார். ஊக்கமருந்து விதிகளை ஏற்கிறேன், தகராறு வந்தால் சாதாரண நீதிமன்றங்களுக்குப் போகாமல் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தின் முடிவையே இறுதியாக ஏற்பேன் என்பது அதன் சாரம். எல்லா வீரர்களும் போடும் கையெழுத்துதான். போடாவிட்டால் பனிமீது கால் வைக்க முடியாது. உலகத்தில் ஸ்பீட் ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப் நடத்த வேறு அமைப்பும் கிடையாது.

அந்தத் தீர்ப்பாயத்தின் நடுவர்கள் யார்? வீரர் தன் விருப்பப்படி யாரையும் நடுவராகத் தேர்ந்தெடுக்க முடியாது. தீர்ப்பாயம் வைத்திருக்கும் மூடிய பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் 20 பேர் கொண்ட மன்றத்தில் 12 பேரைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும், விளையாட்டுச் சம்மேளனங்களும், தேசிய ஒலிம்பிக் கமிட்டிகளும் நியமித்தன. மீதியுள்ள எட்டுப் பேரையும் தேர்ந்தெடுப்பது இவர்கள் தொடங்கிவைக்கும் வரிசைதான். பட்டியலிலேயே ஐந்தில் மூன்று பங்கு நடுவர்கள் விளையாட்டு அமைப்புகள் முன்மொழிந்தவர்களிலிருந்து வந்தார்கள். ஒரு வீரருக்கும் சம்மேளனத்துக்கும் சண்டை என்றால், நடுவர் பட்டியல் போடுவதில் சம்மேளனங்களின் கை ஓங்கியிருந்தது என்பதே இதன் பொருள்.

பெக்ஷ்டைன் ஜெர்மனியில் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். முதலில் சுமார் 44 லட்சம் யூரோ. 2014-இல் மியூனிக் மாவட்ட நீதிமன்றம் ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்தது: கட்டாயத்தில் போட்ட கையெழுத்து செல்லாது, ஆனாலும் லொசானில் அந்த ஆட்சேபத்தை எழுப்பாமல் வழக்காடிவிட்டதால் அந்தத் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தும் என்றது. 2015 ஜனவரியில் மியூனிக் உயர் நீதிமன்றம் துணிந்து அடுத்த அடியை எடுத்து வைத்தது. சம்மேளனம் தனக்கு மட்டுமே உள்ள ஏகபோக நிலையைப் பயன்படுத்தி, தனக்குச் சாதகமான நடுவர் அமைப்பை வீரர் மீது திணித்திருக்கிறது, இது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி வழக்கை ஏற்றது. விளையாட்டு உலகின் நிர்வாகிகளுக்கு அது இடி விழுந்த நாள். ஒரு நாட்டின் சாதாரண நீதிமன்றம் லொசானின் தீர்ப்பை மறுத்துவிடலாம் என்றால், அந்த முழு ஏற்பாடும் ஆட்டம் கண்டுவிடும்.

2016 ஜூன் 7 அன்று கார்ல்ஸ்ரூவிலுள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ஊக்கமருந்துக்கு எதிரான போராட்டத்தில் சம்மேளனங்களும் வீரர்களும் எதிரெதிர் அணிகள் அல்ல, இருவர் நலனும் ஒன்றே, எனவே பட்டியல் யார் போட்டாலும் சமநிலை குலையாது என்பது அதன் நிலைப்பாடு. பொதுவாக எல்லாருக்கும் தூய்மையான விளையாட்டு வேண்டும் என்பது உண்மை. ஆனால் குறிப்பிட்ட ஒரு வீரர் மீது குறிப்பிட்ட ஒரு சம்மேளனம் குற்றம் சாட்டிய அந்த நொடியில் இருவரும் எதிரெதிராகத்தான் நிற்கிறார்கள். இதை நீதிமன்றம் பார்க்கத் தவறியது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

ஸ்ட்ராஸ்பூரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருடைய மனுவை ருமேனியக் கால்பந்து வீரர் ஆட்ரியன் முட்டுவின் மனுவோடு சேர்த்து விசாரித்து, 2018 அக்டோபர் 2 அன்று தீர்ப்பளித்தது. பெக்ஷ்டைன் போட்ட கையெழுத்து சுதந்திரமான சம்மதம் அல்ல என்று அது தெளிவாகச் சொன்னது. கையெழுத்துப் போட்டுத் தொழிலைச் செய்வது, அல்லது போடாமல் தொழிலையே விடுவது என்ற இரண்டைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆகவே ஒரு நீதிமன்றத்துக்கு உண்டான எல்லாக் கடமையும் அந்தத் தீர்ப்பாயத்துக்கு உண்டு. நடுவர் பட்டியலால் சுதந்திரம் கெட்டதா என்ற கேள்வியில் ஐந்து நீதிபதிகள் இல்லை என்றார்கள். ஹெலன் கெல்லர், யோர்கோஸ் செர்கிதெஸ் இருவரும் மாறுபட்டார்கள். அந்த மாறுபட்ட தீர்ப்பின் பக்கம் நிற்கவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பொது விசாரணையை மறுத்தது மனித உரிமை மீறல் என்பதில் அத்தனை பேரும் ஒன்றுபட்டார்கள். இழப்பீடு 8,000 யூரோ. ஒன்பது ஆண்டு நீதிமன்றச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத தொகை. ஆனாலும் கதவைச் சாத்தியது தவறு என்று முதன்முறை ஓர் உயர்ந்த மன்றம் எழுத்தில் சொன்னது.

2019 முதல் தீர்ப்பாயம் தன் விதியை மாற்றியது. ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளில் வீரர் கேட்டால் பொது விசாரணை நடத்தலாம் என்றானது. அந்த ஆண்டு நவம்பரில் சீன நீச்சல் வீரர் சுன் யாங்கின் விசாரணை மோன்ட்ரூ நகரில் எல்லாரும் பார்க்க நடந்தது. அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் பெக்ஷ்டைன். திறந்தபின் உள்ளே போக அவருக்கு வழக்கு மிச்சமில்லை.

ஜெர்மனியிலும் கதை திரும்பியது. 2022 ஜூனில் முடிவெடுத்து ஜூலையில் வெளியிட்ட உத்தரவில், அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் 2016 தீர்ப்பை ரத்து செய்தது. பொது விசாரணைக்கு இடமே தராத ஒரு தீர்ப்பாயத்திடம் வீரரைக் கட்டாயமாக அனுப்பியதன் மூலம், நீதி கேட்கும் அவருடைய அடிப்படை உரிமையை உச்ச நீதிமன்றம் கவனிக்கத் தவறிவிட்டது என்றது. இழப்பீட்டு வழக்கு மறுபடி மியூனிக்குக்கு வந்தது. கோரிக்கைத் தொகை இப்போது 80 லட்சம் யூரோவைத் தாண்டியிருந்தது.

தடைக்குப் பிந்தைய ஓட்டம்

இத்தனைக்கும் நடுவே அவர் ஓடிக்கொண்டே இருந்தார். 2011 பிப்ரவரியில் தடை முடிந்தது. மார்ச்சில் இன்செல் உலகப் போட்டியில் 5,000 மீட்டர் வெண்கலம். 2014 சோச்சியில் 3,000-இல் நான்காம் இடம், 5,000-இல் ஐந்தாம் இடம். அப்போது வயது 41. 2017-இல் கொரியாவின் காங்னுங் நகரில், 45-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, செக் வீராங்கனை மார்ட்டினா சாப்ளிகோவாவுக்கு அடுத்ததாக உலகப் போட்டி வெள்ளி. தன்னைவிட 20 வயது இளையவர்களைப் பின்னால் விட்டு வாங்கிய வெள்ளி அது.

இந்த ஆண்டுகளிலும் அவர் எல்லாரையும் போல அடிக்கடி பரிசோதிக்கப்பட்டார். உயர்ந்த ரெட்டிகுலோசைட் எண்கள் பிறகும் வந்தன. அவற்றை வைத்து மீண்டும் ஒரு வழக்குப் போட யாரும் முன்வரவில்லை. 2009-இல் தண்டனைக்குப் போதுமானதாக இருந்த சான்று பின்னர் ஏன் போதவில்லை என்ற கேள்வியை அவருடைய வழக்கறிஞர்கள் விடாமல் எழுப்பினார்கள்.

2022 பெய்ஜிங்கில் 49 வயதில், பாப்ஸ்லெட் வீரர் ஃபிரான்செஸ்கோ ஃபிரீட்ரிக்கோடு சேர்ந்து ஜெர்மனியின் கொடியை ஏந்தி வந்தார். எட்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் பெண் அவர். 3,000 மீட்டரில் 20 பேரில் கடைசியாக வந்து, முடித்தவுடன் பார்வையாளர்களைப் பார்த்துச் சிரித்தார். எல்லாரும் ஒன்றாகப் புறப்படும் கூட்டப் பந்தயத்தில் இறுதிச்சுற்று வரை போய் ஒன்பதாமிடம். வான்கூவர் மட்டும் பறிபோகாதிருந்தால் எண்ணிக்கை ஒன்பது.

2024 அக்டோபரில் மியூனிக் உயர் நீதிமன்றம் வழக்கை மீண்டும் எடுத்துக்கொண்டது. 2025 ஜனவரி இறுதியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. தொகை வெளியிடப்படவில்லை. இரண்டு மாதம் கழித்து, 53 வயதில், பெக்ஷ்டைன் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றார்.

சமரசம் என்பதால் தீர்ப்பு இல்லை. ஹமாரின் மூன்று எண்களும், 11 நாள் கழித்து வந்த 1.37-உம், தந்தை வழி வந்த ரத்தக் கோளாறும் ஒரு திறந்த நீதிமன்றத்தில் நிபுணர்களின் குறுக்கு விசாரணையோடு எடை போடப்படும் என்று 16 ஆண்டு காத்திருந்த வழக்கில் அது ஒருமுறைகூட நடக்கவில்லை. 2009 லொசான் தீர்ப்பு இன்றும் ரத்தாகாமல் இருக்கிறது. படிவத்தில் உள்ள அந்த நடுவர் விதியும் அப்படியே இருக்கிறது. ஹமாருக்குப் பின் வந்த ஒவ்வொரு இளம் ஸ்கேட்டரும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பனிமீது இறங்குகிறார். மாறியிருப்பது, தனக்கு ஒரு வழக்கு வந்தால் கதவைத் திறந்து வையுங்கள் என்று கேட்க அவருக்கு இப்போது விதியில் இடம் இருக்கிறது என்பதே.